பின்வண்டியின் சிவப்பு விளக்கு

ஆவடி என்னும் ஊர்ப்பெயருக்கு ஒரு விளக்கம் நம் பகுதியில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கவச வாகனங்களையும் அவற்றின் கிடங்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே ஆவடி ஆயின என்பார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965-ஆம் ஆண்டில். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1955 ஜனவரியில் நடந்த காங்கிரஸ் மாநாடு, 'ஆவடி மாநாடு' என்று பெயர் பெற்றுவிட்டது. தொழிற்சாலைதான் ஊரைத் தேடி வந்ததே தவிர, ஊர் தொழிற்சாலையிலிருந்து பெயர் பெறவில்லை.

பெயரைக் கண்டு ஏமாறும் இந்த வழக்கம், பழைய இராணுவ வண்டிகள் விஷயத்திலும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆவடியில் இராணுவ முகாம்கள் இருந்தன. போர் முடிந்ததும் நாடெங்கும் இராணுவத்தின் உபரி லாரிகளும் ஜீப்புகளும் அவற்றின் பின்வண்டிகளும் விற்பனைக்கு வந்தன. காலப்போக்கில் பெரும்பாலானவை பழைய இரும்பாகிக் கரைந்து போயின. எஞ்சியவற்றைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் இன்று பெருகியுள்ளனர். பழைய இரும்பும் வாகன உதிரிப் பொருள்களும் நம் சமுதாயத்தார் பலருக்குப் பிழைப்பாக உள்ள தொழில்கள். ஆதலால் இதைப்பற்றிச் சில சொல்வது பொருத்தமென்று கருதுகிறேன். நான் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன், பொறியியல் பயின்றவனல்லன். கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே எழுதுகிறேன்.

ஒரு பின்வண்டி எக்காலத்தது என்று அறிய, முதலில் பார்க்கத் தகாதது அதன் பச்சை வண்ணம். வண்ணம் நேற்றுக்கூடப் பூசப்பட்டிருக்கலாம். தகட்டில் பொறித்த பெயரும் தனித்து நின்று சான்றாகாது. அமெரிக்க இராணுவத்தின் ஒரு டன் பின்வண்டியைப் பல நிறுவனங்கள் செய்தன. அவற்றுள் ஒன்றான மில்வாக்கி நகரத்துப் 'பென் ஹர்' நிறுவனத்தின் பெயரே எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆகவே ஒருவர் 'இது பென் ஹர்' என்று சொல்வதால் மட்டும், அதை அந்த நிறுவனமே செய்தது என்று ஆகிவிடாது.

நம்பத்தக்க சான்றுகள் அடிச்சட்டத்திலும் சக்கரத்திலும் மின் இணைப்பிலும் உள்ளன. அந்த ஒரு டன் வண்டிக்கு 7.50-20 அளவுச் சக்கரம். அதை இழுத்த இரண்டரை டன் ஜி.எம்.சி. லாரிக்கும் அதே அளவு. ஜீப்பின் கால் டன் பின்வண்டிக்கு ஜீப்பைப் போலவே 6.00-16. போர்முனையில் ஒரே மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் உதவட்டும் என்று செய்த ஏற்பாடு இது. ஜீப்பின் பின்வண்டி தண்ணீரில் மிதக்கும்படி அமைக்கப்பட்டது. அதனால் அதன் தரையில் நீர் வடியும் துளையும் மூடியும் காணலாம். 1950-களில் அமெரிக்க இராணுவம் கொண்டுவந்த எம்-100 வண்டி இதன் உடன்பிறப்பைப் போலத் தோன்றும். ஆனால் போர்க்கால வண்டியின் மின்சாரம் 6 வோல்ட், நான்கு முனைச் சாக்கெட். பின்னதன் மின்சாரம் 24 வோல்ட், பன்னிரண்டு முனைச் சாக்கெட்.

ஆபத்து தொடங்கும் இடமும் இதுவே. 6 வோல்ட் பல்பை 24 வோல்ட்டில் இணைத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கருகிவிடும். பின்வண்டியில் விளக்குகளைத் தவிர வேறு மின்பொருள் பெரும்பாலும் இல்லை. ஆகவே இழுக்கும் வண்டியின் வோல்ட்டுக்கேற்பப் பல்புகளை மாற்றிவிடுவதே எளிய வழி. சாக்கெட்டின் எந்த முனை எதற்குரியது என்பதை ஒயரின் நிறத்தை நம்பி முடிவு செய்யாமல், மீட்டர் வைத்துப் பார்த்தே அறிய வேண்டும்.

அடுத்தது எர்த். இழுவைக் கொக்கியே எர்த்தாகிவிடும் என்று பலர் தனி ஒயரை விட்டுவிடுகிறார்கள். துருவும் மசகும் படிந்த கொக்கி மின்சாரத்துக்கு நம்பகமான பாதையன்று. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டிலோ 3.5 ஆம்பியர். துருப்பிடித்த இணைப்பில் ஒரு வோல்ட் வீணானால், 12 வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு நட்டம். 6 வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு. சிவப்பு விளக்கு மின்மினியாக மங்கிப்போவது இதனால்தான். மேலும், போர்க்கால ஃபோர்டு லாரிகளில் பாட்டரியின் நேர்முனையே எர்த். சாதாரணப் பல்புக்கு இது பொருட்டன்று, எல்.இ.டி. விளக்கோ முனை மாறினால் எரியாது.

இனி முக்கியமான செய்தி. போர்க்காலத்து இருட்டடிப்பு விளக்குகள் எதிரி விமானத்தின் கண்ணில் படாதிருக்கச் செய்யப்பட்டவை. சிறு துளைகள் வழியே கசியும் அவ்வொளியைப் பின்னால் வரும் லாரி ஓட்டுநர் மட்டுமே காண்பார். அருகில் தனித்தனிப் புள்ளிகளாகவும், விலக விலக ஒரே புள்ளியாகவும் தெரியும். அதைக் கொண்டு அவர் இடைவெளியை அறிவார். திரும்பும் திசை காட்டும் இண்டிகேட்டர் அவ்வண்டிகளில் கிடையாது. அக்காலத்து அமைப்பை அப்படியே காப்போம் என்று அந்த விளக்குகளுடன் மட்டும் இன்றைய பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் இரவில் செல்வது, பின்னால் வருபவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

புதிய விளக்கு வைத்தால் பழமை கெட்டுவிடும் என்பார்கள் சிலர். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய வழி வகுத்தன. அவற்றில் மாற்றக்கூடாதவை என்று சுட்டப்பட்டவை அடிச்சட்டமும் உடற்கூடும் எஞ்சினுமே. பின்வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் உண்டு; அச்சட்டப்படி அதுவும் ஒரு மோட்டார் வாகனமே. கழற்றி மாட்டக்கூடிய ஒரு கட்டையில் சிவப்பு விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவற்றைப் பொருத்திக்கொண்டால் பழமையும் கெடாது, சாலையும் காக்கப்படும்.

பழைய வண்டி வைத்திருப்போருக்கு மட்டுமா இது? இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வேளையில் சாலையைப் பாருங்கள். செங்கல் ஏற்றிய டிராக்டர்களின் பின்வண்டிகள் எத்தனை, ஒரு விளக்குமின்றி இருளோடு இருளாக ஊர்ந்து செல்கின்றன! பின்னால் இருசக்கர வண்டியில் வருபவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். முன்விளக்கு நமக்கு வழி காட்டுவது. பின்விளக்கு பிறருக்காக நாம் ஏற்றுவது. அதற்கு ஆகும் செலவு சில முழம் ஒயரும் ஓரிரு பல்புகளுமே.