வாரணா: கரும்புக்காரர்கள் திறந்த கடை

வாஷி மொத்த மார்க்கெட்டில் விடியுமுன்பே லாரிகள் வரிசை கட்டிவிடுகின்றன. நாசிக் வெங்காயம், கோலாப்பூர் வெல்லம், ரத்னகிரி மாம்பழம் என்று மகாராஷ்டிரத்தில் விளைவதெல்லாம் வந்து இறங்குகிறது. 1980, 90-களில் மஸ்ஜித் பந்தரின் தானிய மண்டியும், கிராஃபோர்ட் மார்க்கெட், பைகுல்லாவின் பழ, காய்கறி மொத்த வியாபாரமும் படிப்படியாக இங்கே குடிபெயர்ந்தன. விளைவிப்பவர் ஒருவர், விலை வைப்பவர் இன்னொருவர் என்ற பழைய வழக்கமும் கூடவே வந்தது.

வாஷி நகரம் எழுந்த மண்ணின் கதையும் ஏறக்குறைய அதுதான். 1970-ல் தொடங்கப்பட்ட சிட்கோ, புதிய நகருக்காக 95 கிராமங்களின் நிலத்தை எடுக்கும் திட்டத்தைச் செயல்படுத்தியது. பழைய வாஷி கிராமமும் அதில் ஒன்று. 1984 ஜனவரியில், நிலம் இழந்தவர்களின் போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் 5 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே, எடுத்த நிலத்தில் 12.5 சதவீதத்தை மேம்படுத்திய மனையாகத் திருப்பித் தரும் ஏற்பாடு பிறந்தது.

கிராமம் சொத்தை இழக்காமல், சேர்த்துக்கொண்டே போன ஊர் ஒன்றும் இதே மாநிலத்தில் உண்டு. வாஷியைத் தொட்டுச் செல்லும் சாலையில் பஸ் ஏறி, புனே, சதாரா, கராட் கடந்து, கோலாப்பூருக்குச் சற்று முன்பாக மேற்கே திரும்ப வேண்டும். இருபுறமும் கரும்பு. கோடோலியை ஒட்டியிருக்கிறது வாரணாநகர். வாரணா என்பது ஆற்றின் பெயர்.

ஊரின் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படுபவர் தாத்யாசாகேப் கோரே. அவர் முயற்சியில் விவசாயிகள் பங்கு போட்டுத் தொடங்கிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, 1959-ல் அரைக்க ஆரம்பித்தது. 1968-ல் பால் சங்கம் வந்தது. 'வாரணா' ஸ்ரீகண்ட் மும்பைக் கடைகளுக்கும் பழக்கமானது அப்படித்தான்.

ஆலையும் பாலும் கையில் காசு தந்தன. அந்தக் காசு எங்கே போகும்? விதைக்கும் வேட்டிக்கும் டவுன் கடைக்காரரிடமே போனால், ஒரு கை வாங்கியதை மறு கை கொடுத்துவிடும். 1970-களின் பிற்பகுதியில் 'வாரணா பஜார்' பிறந்தது. நுகர்வோரே உறுப்பினர்களாக இருக்கும் கூட்டுறவுக் கடை. வாரணாநகரில் பெரிய கடை, சுற்றுக் கிராமங்களில் கிளைகள். மளிகை, துணிமணி, பாத்திரம் என்று நகரத்தில் கிடைப்பதை ஊருக்கே கொண்டு வந்தது. சூப்பர் மார்க்கெட் என்ற சொல்லே பெரிய நகரங்களுக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் அது.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான யோசனை அல்ல. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய வழியைப் பின்பற்றி, 1904-லேயே சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கம் ஆரம்பமானது. லாபம் வாங்கிய அளவுக்கேற்ப உறுப்பினருக்கே திரும்புவதும், பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு என்பதும்தான் ராச்டேல் வழி. திருவல்லிக்கேணியில் இதைச் செய்தவர்கள் படித்த நகரத்தார். வாரணாவில் செய்தவர்கள் கரும்புக்காரர்கள்.

1998-ல் 70 கிராமங்களைக் கம்ப்யூட்டரால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு வாரணாவைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா அல்ல. கணக்கு எழுதும் சங்கங்கள் அங்கே ஏற்கெனவே இருந்தன.

கேள்வி இல்லாமல் இல்லை. தாத்யாசாகேபுக்குப் பின் வாரணா நிறுவனங்களின் தலைமை அவர் பேரன் வினய் கோரேவிடம் வந்தது. அவர் கட்சி தொடங்கி, மாநில அமைச்சராகவும் இருந்தவர். மகாராஷ்டிரக் கூட்டுறவில் இது புதிதல்ல. ஆலையும் வங்கியும் அரசியலுக்குப் படிக்கட்டாவதும், தலைவர் நாற்காலி குடும்பத்தைவிட்டு நகராததும் பல மாவட்டங்களில் பார்த்த காட்சி. கைராசியான தலைவர் இருந்தால் சங்கம் செழிக்கிறது. உறுப்பினரோ மெல்லமெல்ல வெறும் வாடிக்கையாளராகிவிடுகிறார்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் மிச்சமிருக்கிறது. வாஷி மண்டியில் தன் மூட்டைக்கு விழுந்த விலையைக் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பும் விவசாயிக்கு, அடுத்து முறையிட இடமில்லை. கூட்டுறவில் ஆண்டுக்கு ஒரு நாளாவது பொதுக்குழு கூடியாக வேண்டும். வரவு செலவை உறுப்பினர் முன் வைத்தாக வேண்டும். அன்று எழுந்து நின்று கணக்குக் கேட்க ஆள் இருக்கும்வரைதான் கடை ஊருடையது.