மூன்றாம் மின்கம்பம்

2019-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் திருப்பாடுகளின் வரலாறு வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. மக்கள் அனைவரும் எழுந்து நின்றிருந்தனர். வாசகம் பாதியை எட்டுமுன் என் தொடைகளில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தோன்றிற்று. சற்று நேரத்தில் கெண்டைக்கால்கள் கனத்து, பாதங்கள் தரையில் இருப்பதே தெரியாமற் போயிற்று. வேறு வழியின்றி அமர்ந்துவிட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் நின்றுகொண்டே பாடம் நடத்தியவனுக்கு அது எத்தகைய நாணத்தைத் தந்திருக்கும் என்பதை வாசகர்கள் உணர்வீர்கள். ஆனால் அமர்ந்த இரண்டொரு நிமிடங்களில் வலி போன இடம் தெரியவில்லை. “உட்கார்ந்தால் ஓடிவிடும் வலி என்ன வலி அப்பா?” என்று என் மகன் நகைத்தான்.

குற்றவாளி கால்களே என்று எண்ணி, கைக்குக் கிடைத்த தைலங்களையெல்லாம் தேய்த்தேன். ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்றார். மற்றொருவர் இரத்த ஓட்டக் குறைவு என்றார். வீட்டிலிருந்து மூன்றாம் மின்கம்பத்தைத் தாண்டுவதற்குள் கால்கள் மறுத்துவிடும்.

இதற்கிடையில் ஒரு விந்தை. பழைய சைக்கிளில் அரிசி மூட்டையை வைத்து, கைப்பிடியின்மேல் குனிந்து தள்ளிக்கொண்டு ஆலையிலிருந்து வீடுவரை ஒரு முறைகூட நிற்காமல் வந்து சேர்ந்தேன்! வெறுங்கையோடு நடக்க இயலாதவன் மூட்டையோடு நடந்தது எப்படி?

இதை எலும்பு மருத்துவரிடம் வேடிக்கையாகச் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சார், வலி வந்தால் நின்றாலே போதுமா, உட்கார வேண்டுமா?” என்று கேட்டார். இரத்தக் குழாய் நோயாயின் நின்ற இடத்திலேயே வலி தணியுமாம். எனக்கோ உட்காரவோ குனியவோ வேண்டியிருந்தது. எம்.ஆர்.ஐ. படமும் அவர் ஐயத்தை உறுதி செய்தது. நோயின் பெயர் லம்பார் ஸ்பைனல் ஸ்டெனோசிஸ். கீழ்முதுகில் நரம்புகள் செல்லும் எலும்புக் குழாய் குறுகிப்போவதே அது. வயது ஏற ஏற முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் பிதுங்குகின்றன, மூட்டுகள் பருக்கின்றன, உள்ளே இருக்கும் தசைநார் தடிக்கிறது. நிமிர்ந்து நிற்கையில் இடம் மேலும் குறைந்து நரம்புகள் நசுங்குகின்றன. குனிந்தால் சற்றே அகலுகிறது. சைக்கிளின் மருமம் இதுதான்! ஹாலந்து நாட்டு மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954-ஆம் ஆண்டிலேயே இதனைத் தெளிவாக விளக்கி எழுதியிருக்கிறார். என் கால்களைத்தான் நான் வீணே பழித்திருந்தேன்.

அறுவை செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். மருத்துவர் அவசரப்படவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ஆய்வாளர்கள், அறுவைக்கு உடன்பட்ட 169 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவையும் மற்றதற்கு உடற்பயிற்சியும் அளித்து, 2015-இல் முடிவை வெளியிட்டனராம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இரு பிரிவினரின் இயக்கத் திறனிலும் பெரிய வேறுபாடில்லை. “ஆனால் பயிற்சிப் பிரிவினரில் பாதிக்கு மேற்பட்டோர் இடையிலேயே அறுவைக்கு மாறிவிட்டார்கள். அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஊசி மருந்தைப் பற்றிக் கேட்டதற்கு, பலன் கிடைத்தாலும் நெடுநாள் நிற்பதில்லை என்றார்.

இயன்முறை மருத்துவர் ஓர் இளம்பெண்; என் மாணவியரின் வயதுதான் இருக்கும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்புவரை இழுத்துப் பிடிக்கவும், வயிற்றுத் தசைகளை இறுக்கிக் கீழ்முதுகைப் பாயோடு அழுத்தவும் கற்பித்தார். பின்புறம் வளையும் பயிற்சிகள் கூடாதென்றார். நடைக்கு அவர் விதித்த முறை எளிது: வலி முற்றும்வரை காத்திராமல் அதற்கு முன்பே உட்கார வேண்டும், தணிந்ததும் மீண்டும் நடக்க வேண்டும்.

எளிது என்று எழுதிவிட்டேன். மெய்யில் அதுவே எனக்குக் கடினமாக இருந்தது. இரண்டாம் மின்கம்பத்தருகே இருப்பது ஒரு தேநீர்க் கடை. அங்கே வேலையற்றவன்போல் அமர்ந்திருப்பதை என் பழைய மாணவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சத்தால் முதல் மாதம் பல்லைக் கடித்து நடந்தேன். பலன், இரவெல்லாம் கால் குடைச்சல்! “நின்று பெருமை தேட இது பள்ளிக்கூடமா?” என்று என் மனைவி கடிந்துகொண்ட பிறகுதான் உட்காரத் தொடங்கினேன். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் பதினொரு கம்பம் எட்டினேன். 2020-இன் ஊரடங்கில் அது ஐந்தாகச் சுருங்கிற்று. மொட்டை மாடியில் நடந்தும் முழுமையாக மீளவில்லை. மீண்டும் தொடக்கத்திலிருந்து வர வேண்டியதாயிற்று.

இத்துன்பம் உள்ளவர்கள் ஒன்றை மறக்கலாகாது. சிறுநீரோ மலமோ கட்டுக்கடங்காமற் போனாலும், சிறுநீர் கழிக்க இயலாவிட்டாலும், தொடைகளின் இடுக்கு மரத்துப்போனாலும், பாதத்தைத் தூக்கும் வலு குறைந்துகொண்டே வந்தாலும் நடைப்பயிற்சியை நம்பி வீட்டில் இராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். எனக்கு அவை நேரவில்லை.

என் முதுகெலும்பு அகன்றுவிடவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது. எனினும் இப்போது இடையில் இரண்டு முறை அமர்ந்து ஒரு கிலோமீட்டர் நடக்கிறேன். ஆலயத்தில் நீண்ட வாசகத்தின்போது முன்னிருக்கையின் முதுகைப் பற்றிச் சற்றே குனிந்து நிற்கிறேன்; இயலாதபோது அமர்ந்துவிடுகிறேன். தேநீர்க் கடைக்காரர் காலை ஆறரை மணிக்கெல்லாம் ஒரு முக்காலியைத் துடைத்து வெளியே வைத்துவிடுகிறார். நான் வரத் தாமதித்தால், “வாத்தியார் இன்னும் வரலையா?” என்று தெருவில் எட்டிப் பார்க்கிறாராம்.