மீஞ்சூரில் ஒரு கணிப்பொறிப் பட்டறை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயில் மார்க்கத்தில், எண்ணூரைக் கடந்த சற்று நேரத்துக்கெல்லாம் வருகிற மீஞ்சூரில், நிலையத்தை அடுத்த கடைத்தெருவில் கணிப்பொறிகளைச் செப்பனிடும் சிறு பட்டறை ஒன்று இருக்கிறது. மீன் கம்பெனியின் கணக்குப் பெட்டி, இ-சேவை மையத்துப் பெட்டி, கல்யாண வீடியோ தயாரிக்கும் வாலிபரின் பெட்டி என்று, வடக்கே பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பங்களில் பழுதுபடுபவை பலவும் பஸ்ஸில் மடிமேல் ஏந்தப்பட்டு இங்கேதான் வந்து சேருகின்றன. ஏரி என்று பெயரே தவிர அது முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி. அந்தக் காற்றில் இரும்பு துருவேறுவதையும் தாமிரம் களிம்பேறுவதையும் நன்கு அறிந்து, படகின் என்ஜினுக்குத் தவறாமல் எண்ணெய் பூசி வைக்கிற குடும்பத்திலுங்கூட, மேஜைக்கடியில் கிடக்கும் கணிப்பொறியை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

நான் போயிருந்த அன்று, ஏரிக்கரைக் குப்பமொன்றிலிருந்து வந்திருந்த வாலிபர் ஒருவர் தம் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, “ராம் ஸ்பீடை ஏத்தினேண்ணே, அதுலேர்ந்து டிஸ்ப்ளே வரல. ஃபேன் மட்டும் சுத்துது” என்றார். வேறு பட்டறைகளில், இந்த வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தில் மதர்போர்டு போய்விட்டதென்று விலை சொல்லுவதை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பட்டறைக்காரரோ திருப்புளியைக் கையில் எடுக்கவில்லை. “முன்னாடி எவ்வளவுல ஓடுச்சு, எவ்வளவுக்கு ஏத்தின? ரெண்டு ராமும் ஒண்ணா வாங்கினதா, தனித்தனியா?” என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே போனார். தனித்தனியாக வாங்கியவைதாம். ஒன்று 3200 என்ற வேகத்துக்கு, அதாவது விநாடிக்கு 320 கோடிப் பரிமாற்றங்களுக்குச் செய்யப்பட்டது. மற்றது 2666-க்கு மேல் தயாரித்தவரே உத்தரவாதம் கொடாதது. கணிப்பொறியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸில் வாலிபர் ஒரு வரியை மாற்றி இரண்டையும் 3200-க்கு ஏற்றியிருக்கிறார்.

அந்த ஒரு வரியினால் என்ன நேர்ந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இவ்விடத்தில் சற்று விளக்கம் தேவை. ராம் என்பது கணிப்பொறியின் தற்காலிக நினைவகம். அதன் சில்லுக்குள் ஒவ்வொரு துளிச் செய்தியும் மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாகத் தங்குகிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால் வழக்கமாக 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். இன்ன கணத்தில் வரிசையைத் திறப்பது, இத்தனை துடிப்புப் பொறுப்பது, பிறகு படிப்பது, மூடுவது என்று செயலிக்கும் ராமுக்கும் இடையே கண்டிப்பான கால ஒப்பந்தம் ஒன்று உண்டு. இன்ன நாளில் இன்ன நீர்ப்பரப்பில் இன்னார் வலை போடுவது என்று பழவேற்காட்டு மீனவர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் பாடு முறையைப் போன்றது அது. வாலிபரின் பெட்டியிலிருந்த டி.டி.ஆர்.4 வகை ராமுக்கு விதிக்கப்பட்ட மின்னழுத்தம் 1.2 வோல்ட்டு. விதிக்கப்பட்ட வேகத்தைவிட விரைவாக ஓட்ட விரும்புவோருக்கென்று இன்டெல் நிறுவனம் 2007-ல் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி. என்னும் ஏற்பாட்டில், தயாரித்தவர் பரீட்சித்துத் தேர்ந்த வேகமும், அதற்குரிய மின்னழுத்தமும் (பெரும்பாலும் 1.35 வோல்ட்டு) ராமிலுள்ள ஒரு சிறு சில்லிலேயே பதிந்திருக்கும். ஒரு ராமின் சக்திக்கு ஏற்றதை மற்றதன்மேல் சுமத்தினால் ஒப்பந்தம் குலைந்துவிடுகிறது; யந்திரம் முதல் எழுத்தைத் திரையில் காட்டுவதற்கே ராம் வேண்டியிருப்பதால், தவற்றைச் சொல்லவும் அதற்கு வழியில்லாமற் போகிறது.

பட்டறைக்காரர் முதலில் மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து, மதர்போர்டுப் பலகையில் எஞ்சியிருந்த மின்சாரத்தை வடியவிட்டார். பிறகு, பலகையில் பொருத்தியிருந்த, 20 மில்லிமீட்டர் விட்டமும் 3 வோல்ட்டுமுள்ள வட்டமான பாட்டரிச் செல்லைத் திருப்புளி முனையால் நெம்பி எடுத்தார். 1984-ல் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. கணிப்பொறியில், மோட்டரோலாவின் கடிகாரச் சில்லு ஒன்று வெறும் 64 பைட்டு இடத்தில் நேரத்தையும் அமைப்புகளையும் பாட்டரியின் தயவில் ஞாபகம் வைத்திருந்தது. இன்றைக்கும் செல்லைக் கழற்றினால் பெட்டி தன் அமைப்புகளை மறந்து ஆதி ஸ்திதிக்குத் திரும்புவது அந்த ஏற்பாட்டின் வழி வந்ததே. செல் இருந்த பிடியில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. பட்டறையில் தொழில் பழகும் பெண், ராமின் பொன்முலாம் பூசிய பற்களின்மேல் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரை வைத்து, முலாம் தேயாத அளவுக்கு இலேசாக, ஒரே திசையில் தேய்த்தாள். துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பார்த்தது போதாதென்று மறுபடியும் தேய்த்தாள். அவளை அவசரப்படுத்த அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தொழிலைக் கற்பிக்கும் முறை அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

புதுச் செல்லைப் பொருத்தி, ஒரே ஒரு ராமைச் செயலியிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் இரு பக்கமும் ‘டிக்’ என்று கேட்கும்வரை அழுத்தி, மின்சாரம் கொடுத்தார்கள். விசிறி சுழன்றது, திரை இருண்டே இருந்தது. வாலிபரின் கை சுவிட்சை நோக்கிப் போயிற்று. “கை வெக்காத தம்பி, பொறு. ராமை அளந்து பாக்குது” என்றார் அவர். அமைப்புகள் அழிந்தபின் பலகை ராமின் காலக்கணக்கைப் புதிதாகப் பழகிக்கொள்ள அவகாசம் பிடிக்கிறது, டி.டி.ஆர்.5 வகையில் சில நிமிஷங்கள்கூட ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள், நல்ல பலகையையும் செத்ததென்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சற்றைக்கெல்லாம், பழைய அமைப்புகள் அழிந்துவிட்டன என்ற அறிவிப்பு திரையில் வந்தது.

வாலிபருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அப்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிட்டார். பட்டறைக்காரர் கொடுக்கவில்லை. திரையில் வெளிச்சம் வந்தவுடன் பணத்தை வாங்கி அனுப்பியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. ஆயினும் இரண்டு ராமையும் பொருத்தி, முதலில் 3200-லேயே வைத்து, மெம்டெஸ்ட்86 என்ற பரீட்சையை ஓட்டிக் காண்பித்தார். இம்முறை பெட்டி கிளம்பிவிட்டது. ஆனால் கொஞ்ச நேரத்துக்குள் பிழைகள் சிவப்பு வரிகளாக இறங்கத் தொடங்கின. கிளம்பாத பெட்டியால் நேரம் ஒன்றுதான் நஷ்டம். இப்படிப் பிழையோடு கிளம்பிவிடுகிற பெட்டியோ, வாங்கிய செய்தியை ஒரு துளி மாற்றித் திருப்பிக் கொடுத்து, யாருடைய கல்யாணப் படத்தையோ, எந்த மீனவர் குடும்பத்தின் வரவு செலவையோ ஓசையில்லாமல் கெடுத்துவிடும். கெட்டது தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். இந்த அபாயத்தை அறிந்து, இரவு முழுவதும் பரீட்சை ஓடி முடியாமல் பெட்டியைக் கொடுக்க மறுக்கிற மனிதரை நான் மனமார மதிக்கிறேன். மின்சாரமும் இடமும் அவருடையவை. அதற்கென்று அவர் தனிக்கூலி கேட்பதுமில்லை.

மறுநாள் காலையில், வேகத்தை 2666-க்கு இறக்கி இரவெல்லாம் ஓட்டிய பரீட்சையில் இரண்டு ராமும் ஒரு பிழையுமின்றித் தேறியிருந்தன. செல்லுக்கும் வேலைக்கும் மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். “அப்போ 3200 வராதாண்ணே?” என்று வாலிபர் ஏக்கத்தோடு கேட்டார்.

“வரும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரே பாக்கெட்ல ஜோடியா வர்றதை வாங்கு. இதுல ஒண்ணு அதுல ஒண்ணு சேக்காத. அதுவரைக்கும் இதே ஸ்பீடு. இனிமே பயாஸ்ல எதைத் தொட்டாலும், தொடறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோ.”

வாலிபர் அங்கேயே பெட்டியைக் கிளப்பச் சொல்லி, பயாஸின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டார்.