மயாமியா, லிமாவா?

மே 12, திங்கள்

கோடை விடுமுறைக்கு அண்ணன் மகன் வந்திருக்கிறான். பத்தாவது போகப் போகிறவன். கைபேசியில் ஓயாமல் வினாடி வினா. நாட்டைச் சொன்னால் போதும், தலைநகரம் வந்து விழுகிறது. புர்கினா ஃபாசோவா, வாகடூகு. மங்கோலியாவா, உலான்பாத்தர். ஆஸ்திரேலியாவுக்கு எல்லோரும் சிட்னி என்பார்கள், இவன் ஏமாறவில்லை. சிட்னியும் மெல்பர்னும் போட்டி போட்டதால், இரண்டும் வேண்டாம் என்று புதிதாகக் கட்டிய ஊர்தான் கான்பெரா என்றேன். “அதெல்லாம் கேக்க மாட்டாங்க அத்தை” என்றான்.

மே 13, செவ்வாய்

அவன் மாமாவும் களத்தில் இறங்கினார். இவருடைய பொது அறிவெல்லாம் எண்பதுகளின் புத்தகத்தோடு சரி. நைஜீரியாவுக்கு லாகோஸ் என்று அடித்துச் சொல்கிறார். 1991-லேயே அபுஜாவுக்கு மாறிவிட்டது. கஜகஸ்தான்தான் வேடிக்கை. 1997-ல் அல்மாட்டியை விட்டு அக்மோலாவுக்குப் போனார்கள், மறு வருடமே அதற்கு அஸ்தானா என்று பெயர், 2019-ல் நூர்சுல்தான், 2022-ல் திரும்பவும் அஸ்தானா. பொலிவியாவில் சண்டை. அரசியல் சட்டப்படி சுக்ரே, அரசாங்கம் நடப்பது லா பாஸில். கைபேசி ஒன்றைத்தான் சரி என்கிறது. கேள்வி எழுதியவர் வைத்ததே சட்டம்.

மே 15, வியாழன்

கைபேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு நானே கேள்விகள் எழுதினேன். பெயர் ஒன்றும் வேண்டாம், திசை மட்டும் சொல்.

மயாமி, லிமா: எது கிழக்கே? மயாமி என்றான் யோசிக்காமல். பெரு நாடு பசிபிக் கரையில், மயாமி அட்லாண்டிக் கரையில், அப்புறம் என்ன என்கிறான். வரைபடத்தைப் பிரித்தோம். மயாமி மேற்குத் தீர்க்கரேகை 80, லிமா 77. தென் அமெரிக்கா வட அமெரிக்காவுக்கு நேர் கீழே தொங்கவில்லை, கிழக்கே நன்றாகத் தள்ளியிருக்கிறது. பையன் வரைபடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

ரோம், நியூயார்க்: எது வடக்கே? பனி கொட்டுகிற நியூயார்க்தான் என்றார் இவர். ரோம்தான். குளிருக்குக் காரணம் வேறு: நியூயார்க்குக்குக் கனடாப் பக்கத்து நிலக்காற்று, ரோமுக்கு வெதுவெதுப்பான மத்தியதரைக் கடல்.

1978-ல் ஸ்டீவன்ஸ், கூப் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையே ஆராய்ந்தார்கள். சான் டியேகோவிலிருந்து ரீனோ எந்தத் திசை என்றால் வடகிழக்கு என்றே பலரும் காட்டினார்கள், உண்மையில் வடமேற்கு. கலிபோர்னியாவுக்குக் கிழக்கே நெவாடா, ஆகவே நெவாடா ஊரும் கிழக்கே என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. நம் ஊர்க் கணக்கும் அப்படித்தான்: கொழும்பு சென்னைக்கு மேற்கே கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்றால் இவர் இன்னும் நம்பவில்லை.

மே 17, சனி

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். ஊர்ப் பெயர் எழுதாத வரைபடத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டும் ஆட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறான். எத்தனை கிலோமீட்டர் தள்ளித் தொட்டோமோ அதற்கேற்ப மதிப்பெண் குறையும். இதுதான் நியாயமான பரீட்சை என்பேன். சரி, தவறு என்று இரண்டே தட்டில் போட்டால், கின்ஷாசாவுக்குப் பதில் ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் பிராசவில்லைத் தொட்டவனும் கெய்ரோவைத் தொட்டவனும் ஒன்றாகிவிடுவார்கள்.

மாலையில் மாமாவை மடக்கினான். “டெட்ராய்ட்ல இருந்து நேர் தெற்கே ஆத்தைத் தாண்டினா எந்த நாடு மாமா?”

“அமெரிக்காதான்டா, வேற என்ன?”

கனடா. எதிர்க்கரையில் விண்ட்சர். இவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு போனார்.