பொறுமை ஆருக்குக் கட்டுப்படியாகும்?

கம்பஸில் எந்தச் செயலமர்வு நடந்தாலும் வளவாளர் மாஷ்மெலோ கதையைச் சொல்லாமல் விடமாட்டார். கலைப்பீடம் எண்டால் இன்னும் கொஞ்சம் கூட. எங்களுக்குத்தானே வேலை கிடைக்காதாம்!

கதை தெரியும்தானே? 1960களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் வோல்டர் மிஷெல் தொடங்கியது. பிள்ளைக்கு முன்னால் ஒரு இனிப்பு. ஆள் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பிறகு படிப்பிலும் கெட்டிக்காரர். ஆகவே, பொறுமை!

மிச்சக் கதையை ஒருத்தரும் சொல்வதில்லை. 2013இல் செலஸ்ட் கிட் குழுவினர், பாதிப் பிள்ளைகளிடம் "நல்ல கலர் சாமான் கொண்டுவாறன்" எண்டு சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். மற்றப் பாதிக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மாஷ்மெலோ. ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தார்கள், மற்றவர்கள் 12. 2018இல் சுமார் 900 பிள்ளைகளின் தரவை வைத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில், குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்தவுடன் காத்திருப்புக்கும் படிப்புக்கும் இருந்த தொடர்பு நல்லாய்ச் சுருங்கிவிட்டது.

பொறுமை வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எங்கட 2022 ஏ.எல். சோதனை நடந்தது 2023 ஜனவரியில். பிறகு ரிசல்ட், பிறகு கம்பஸ். அவ்வளவு காலமும் வீட்டில் உழைக்க ஆள் இருந்த நாங்கள் காத்திருந்தோம். இல்லாதவர்கள் கடைக்கு வேலைக்குப் போனார்கள். அதில் எங்களைவிட நல்லாப் படிச்ச ஆக்களும் இருந்தார்கள்.

அடுத்த செயலமர்வில் இதைக் கேட்கத்தான் இருக்கிறோம். தேத்தண்ணி வர முதல்.