பறவை பார்க்கப் போகிறோம்

தென்னாபிரிக்காவுக்குப் பறவை பார்க்கப் போக வேண்டும் என்று நான் சொன்ன அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். வாப்பா மட்டும் சிரிக்காமல், "முதல்ல பாஸ்போட் எடுக்கக் காசு சேர்ப்பம்" என்றார். அது சிரிப்பதைவிட மோசமாக இருந்தது.

என் ஆசைக்குக் காரணம் அமூர் வல்லூறு. புறாவைவிடச் சிறிய பறவை. சைபீரியாவிலும் வடசீனாவிலும் குஞ்சு பொரித்து, ஒக்டோபரில் இந்தியாவின் நாகாலாந்தில் தங்கிப் பசியாறி, பிறகு அரபுக் கடலை நில்லாமல் கடந்து தென்னாபிரிக்கா வரை போகிறது. 2012 இல் நாகாலாந்தில் இவற்றை வலை போட்டு ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே அந்த ஊர் மக்கள் வலையைக் கைவிட்டுக் காவலர்களானார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பறவையின் பயண முடிவைப் பார்க்க வேண்டும் என்பது என் கனவு.

கணக்குப் பார்த்தேன். விமானச் சீட்டு விலையிலேயே கனவு நின்றுவிட்டது. அப்போதுதான் தோன்றியது: தூரத்துப் பறவைகள் நம் நாட்டுக்கும் வருகின்றனவே! வடக்கே கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்கிறார்கள். அதற்கு எதிர்க்கரை நம் பருத்தித்துறை. இடையில் இருப்பது பாக்கு நீரிணைதான்.

பருத்தித்துறை எங்கள் வீட்டில் அதிகம் பேசப்படாத பெயர். உம்மம்மா அங்கே வாழ்ந்தவர். அப்பாவின் புடவைக்கடை அங்கே இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் புத்தளம் வந்தார். அப்போது உம்மாவுக்கு எட்டு வயது. போர் முடிந்த பிறகு உறவினர் பலர் போய் வந்தார்கள். உம்மம்மா மட்டும் ஒருநாளும் போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நான் கொப்பியில் திட்டம் எழுதினேன். ஜனவரி விடுமுறையில் இரண்டு நாள். அனுராதபுரம், வவுனியா வழியாக ஆனையிறவு. அங்கே ஆழமில்லாத உப்புநீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடும். அவற்றின் செந்நிறம் உண்ணும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் வருகிறது. பிறகு கொடிகாமம் வழியாகப் பருத்தித்துறை. மறுநாள் அதிகாலை வல்லை வெளி, தொண்டைமானாற்றுக் கடனீரேரி: ஊசிவால் வாத்து, கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான். 1938 இல் பறவைகள் சரணாலயமான சுண்டிக்குளத்தை அடுத்த முறைக்கு விட்டேன். தொலைநோக்கி ஆசிரியையிடம் இரவல். செலவையும் எழுதி வாப்பாவிடம் நீட்டினேன்.

"பொம்புளப் புள்ளையள் குருவி பாக்க இவ்வளவு தூரமா?" என்றார் வாப்பா.

நான் சலீம் அலியைச் சொன்னேன். பம்பாயில் பிறந்த அவர் சிறுவயதில் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத்தைக் கண்டு, அது என்ன குருவி என்று கேட்கப் போனார். அந்தக் கேள்விதான் அவரைப் பறவையியல் அறிஞராக்கியது. "கேள்வி கேக்கப் போறதுக்குத் தூரம் இருக்கா வாப்பா?" என்றேன். அவர் கொப்பியை மூடி வைத்தார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கொப்பியைத் திறந்தேன். என் பட்டியலுக்குக் கீழே நடுங்கும் எழுத்தில் மூன்று வரிகள் இருந்தன.

பள்ளிவாசல்.
வீட்டு வளவில் இருந்த வேப்பமரம்.
தட்டை வடை.

நான் உம்மம்மாவைப் பார்த்தேன். அவர் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"உம்மம்மா, நீங்களும் வாறீங்களா?"

"அந்தக் கண்ணாடியால நானும் பாக்கலாமா?"

"பாக்கலாம்."

"அப்ப வாறன். ஆரும் கேட்டா, பறவை பாக்கத்தான் போறம் எண்டு சொல்லுங்கோ."

அடுப்படியில் உம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது. அன்றிரவே வாப்பா பஸ் நேரங்களை விசாரித்துக் கொப்பியில் குறித்தார். மூன்று பேர் என்று எழுதியிருந்ததை வெட்டி, நான்கு என்று திருத்தியிருந்தார்.

அமூர் வல்லூறு எங்கள் பட்டியலில் இல்லை. தென்னாபிரிக்கா காத்திருக்கட்டும். இந்த ஜனவரியில் நாங்கள் பறவை பார்க்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.