விரலா, கட்டையா?

பியானோ உள்ள இல்லங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சுருதி சேர்ப்பவரை அழைக்கும் வழக்கம் உண்டு. அவர் கம்பிகளை முறுக்கிச் சரிசெய்து சென்றதும், கருவிக்கு வேண்டியதெல்லாம் செய்தாயிற்று என நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் சுருதி கம்பியைச் சார்ந்தது. விரலுக்கும் கம்பிக்கும் இடையே மரத்தாலும் கம்பளியாலும் அமைந்த நீண்டதொரு பாதை இருக்கிறது. அது சீர்கெட்டிருந்தால், சுருதி எவ்வளவு சுத்தமாயிருப்பினும் வாசிப்பவரின் கை தடுமாறவே செய்யும்.

நமது பங்கு கடற்கரையை ஒட்டியது. பங்கு மன்றத்தில் சுவரோரமாக நிறுத்தும் வகையைச் சேர்ந்த பழைய பியானோ ஒன்று உள்ளது. உபதேசியாரின் பன்னிரண்டு வயது மகள் அதில் பயின்று வந்தாள். வாரந்தோறும் வந்து கற்பிக்கும் ஆசிரியை, பிள்ளைக்கு விரல் வலு போதாது, தேர்வுக்கு அனுப்ப இயலாது என்று சொல்லிவிட்டார். ஒரே சுரத்தை அடுத்தடுத்துத் தட்ட வேண்டிய இடங்களில் இரண்டாவது தட்டு ஒலிக்காமலே போய்விடும். அழுத்தி அழுத்திச் சிறுமியின் மணிக்கட்டு வலி கண்டது. “சுவாமி, படிப்பை நிறுத்திவிடலாமா?” என்று உபதேசியார் கேட்டபோது, குறைந்த ஊதியத்தில் கட்டணம் கட்டிவந்த ஒரு தகப்பனின் ஏமாற்றம் அவர் குரலில் தெரிந்தது. அக்கட்டைகள் நம் விரல்களுக்குமே பாரமாய்த் தோன்றியதால், முதலில் கருவியைச் சோதிப்போம் என்று கூறி, சென்னையிலிருந்து அனுபவமிக்க முதியவர் ஒருவரை வரவழைத்தோம்.

அவர் வந்ததும் சுருதிச் சாவியை எடுக்கவில்லை. தடித்த பழைய ஐந்து ரூபாய் நாணயங்கள் சிலவற்றைக் கேட்டார். அந்த நாணயம் ஒன்றின் எடை 9 கிராம். ஒலியடக்கிகளின் பாரம் சேராதிருக்க வலப்புற மிதியை அழுத்திக்கொண்டு, கட்டையின் முன்விளிம்பில் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஏறத்தாழ 50 கிராம் எடைக்குக் கட்டை மெல்ல இறங்கவேண்டும். ஆறு நாணயங்கள் போதும். நம் பியானோவின் நடுக்கட்டைகள் பலவும் ஒன்பது நாணயங்களுக்குப் பிறகே அசைந்தன. “சுவாமி, பிள்ளையின் விரல்மேல் குற்றமில்லை” என்றார் அவர்.

காரணங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் முன்புறத்திலும் உலோக ஊசிகள் உள்ளன. அவை நுழையும் துளைகளின் ஓரங்களில் மெல்லிய கம்பளித் துணி ஒட்டப்பட்டிருக்கும். கடற்காற்றின் ஈரத்தில் மரமும் துணியும் ஊதி ஊசியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. தட்டையான வாயுள்ள தனிக் குறட்டால் அத்துணியை அளவோடு அமுக்கி, கட்டையைத் தூக்கிவிட்டால் தன் எடையாலேயே விழும்படி செய்தார்.

இரண்டாவது தட்டு ஒலிக்காத காரணம் வேறு. 1700-ஆம் ஆண்டளவில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் முதல் பியானோவை உருவாக்கிய பர்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி தீர்த்த சிக்கல் யாதெனில், சுத்தியல் கம்பியை அடித்தவுடன் விலகிவிடவேண்டும்; ஒட்டிக்கொண்டு நின்றால் ஒலி அமுங்கிவிடும். எனவே சுத்தியலைத் தள்ளும் ஜாக் என்னும் சிறு மரத்துண்டு, கம்பிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் முன்னரே நழுவி விலகுகிறது. கடைசிச் சிறு தொலைவைச் சுத்தியல் தன் வேகத்தாலேயே கடக்கிறது. மீண்டும் தட்டவேண்டுமானால் ஜாக் பழைய இடத்திற்குத் திரும்பியிருக்கவேண்டும்.

கம்பளி தேயத் தேய, கட்டைக்கும் மேலுள்ள பொறிக்கும் இடையே வெற்றிடம் உண்டாகும். அழுத்தியதும் சிறிது தூரம் எதுவும் நிகழாது. அதைப் போக்கக் கட்டையின் பின்புறத்தில் கேப்ஸ்டன் என்னும் திருகாணி உண்டு. முன்பு யாரோ ஒருவர் அத்திருகாணிகளை வேண்டியதற்கு மேல் உயர்த்தியிருந்தார். சுத்தியல்கள் சாய்ந்திருக்கவேண்டிய தண்டைவிட்டுச் சற்றே எழும்பி நின்றன. ஜாக் திரும்பிவர இடமின்றிப் போயிற்று.

வேலை இரண்டு நாள் நடந்தது. 88 கட்டைகள், ஒவ்வொன்றிலும் பல இடங்கள். முதலில் உராய்வு, அடுத்துக் கட்டைகளின் மட்டம், பிறகு கேப்ஸ்டன். அதன்பின் சுத்தியல் விலகும் இடம், கட்டை இறங்கும் ஆழம், ஒலியடக்கி எழும் நேரம் என வரிசை தவறாமல் சென்றார். ஆழம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அதைச் சரிசெய்யக் கட்டைக்கு அடியில் மெல்லிய காகித வளையங்களைச் சேர்த்தும் எடுத்தும் பார்த்தார். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று சற்றே மாறும். ஆகவே முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து சோதித்தார். சுருதி சேர்த்தது அனைத்திற்கும் பின்னரே.

பின்னர் சிறுமியை வாசிக்கச் சொன்னார். பெரும்பாலான இடங்கள் தெளிவாக ஒலித்தன. விரைவான ஓரிடத்தில் மட்டும் மீண்டும் தட்டு தவறியது. “பாப்பா, கட்டை மேலே வரட்டும்; அதற்குப் பிறகு அழுத்து” என்றார். அது இவ்வகைப் பியானோவின் இயல்பான எல்லை. படுக்கை நிலையில் அமையும் பெரிய பியானோக்களுக்குப் பாரிஸின் செபாஸ்தியன் எரார் உருவாக்கி, 1821-இல் காப்புரிமை பெறப்பட்ட அமைப்பு, கட்டை முழுதும் மேலெழாமலே மறுபடி தட்ட இடமளிக்கிறது. சுவரோரப் பியானோக்களில் பொதுவாக அவ்வசதி இல்லை. கருவியின் குறையைக் கருவியில் தீர்த்தார்; கை பழகவேண்டியதைக் கைக்கே விட்டார். இரண்டையும் அவர் குழப்பவில்லை என்பது நமக்குப் பெரிதும் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் ஆசிரியை தாமே அமர்ந்து வாசித்துப் பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தேர்வுப் படிவத்தைக் கேட்டு வாங்கிச் சிறுமியின் பெயரை எழுதினார். தேர்வு இனிமேல்தான்.

பழைய பியானோ உள்ள குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. வெளிச்சுவரை ஒட்டி அதனை வைக்காதீர்கள், ஈரம் ஏறும். கட்டை இறுகினால் எண்ணெய் விடாதீர்கள். கம்பளி அதை உறிஞ்சிக் கெட்டுவிடும். திருகாணிகளைக் கண்டபடி திருப்பாதீர்கள். பிள்ளைக்கு விரல் வலுவில்லை என்று யாரேனும் சொன்னால், முதலில் அரை டஜன் நாணயங்களைக் கட்டையின்மேல் அடுக்கிப் பாருங்கள்.